தீக்குச்சி இல்லாத சட்டைப்பை

டெல்லியிலிருந்து வந்து நான்கு நாளாகிறது.
துவைத்த துணி இன்னும் காயவில்லை.
அருவங்காட்டில் இந்த மாதம் எதுவும் காயாது.
ரூபனின் ஜீன்ஸ் மட்டும்
அடுப்புக்கு மேலே கயிற்றில்
ஒற்றைக் காலில் தொங்குகிறது.

ரிட்டயர் ஆகுமுன் மிச்சமிருந்த
கடைசி எல்.டி.சி.
அம்மாவுக்குத் தாஜ்மகால். ரூபனுக்கு மெட்ரோ.
அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
கிளம்புகிற அன்று காலை
ஜெகதளாவிலிருந்து மாதி அக்கா வந்து
வாசலிலேயே நின்று சொன்னாள்:
"அங்க கல்லுல எல்லாப் பேரும் இருக்காமே.
நம்ம பெள்ளி பேரு இருக்கான்னு
ஒரு கண்ணு பாத்துட்டு வாங்க."
அப்பா தலையாட்டினார்.

பெள்ளி மாமா பட்டாளத்துக்காரர் இல்லை.
அப்பாவோடு வெடிமருந்து ஷெட்டில் இருந்தவர்.
ஒரு செவ்வாய்க்கிழமை
சங்கு நேரமில்லாத நேரத்தில் ஊதியது.
அப்போது எனக்கு ஆறு வயது.
பள்ளிக்கூடம் பாதியில் விட்டதில்
எங்களுக்கெல்லாம் சந்தோஷம்.

டெல்லியில் கொளுத்தும் வெயில்.
நுழைவாயிலில் காவலர் கேட்குமுன்பே
அப்பா சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார்.
முப்பத்தொரு வருடப் பழக்கம்:
பீடி இல்லை, தீக்குச்சி இல்லை,
செருப்பில் ஆணி இல்லை.
காவலருக்குச் சிரிப்பு.

உள்ளே வட்டம் வட்டமாகச் சுவர்.
கல்லுக்கு ஒருவர்.
நடுவில் அணையாத தீ.
எல்லோரும் அதன் முன் படமெடுத்தோம்.
தீ என்றால் எத்தனை கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது
அப்பாவின் கால்களுக்குத் தெரியும்.
"படத்துல நீங்க கடுகாட்டம் இருக்கீங்க"
அம்மா இன்றைக்கும் திட்டுகிறாள்.

பிறகு ஆளைக் காணவில்லை.
தேடிப் போனால்
ஏதோ ஒரு கல்லின் முன் நின்றிருந்தார்.
"இந்தப் பையன் கார்கில்லயா?"
"தெரியலப்பா."
"அந்த வருசம் மூணு மாசம் ராத்திரி ஷிப்ட்.
ஓவர்டைம்" என்றார்.
அதற்கு மேல் சொல்லவில்லை.

ஓவர்டைமில் எனக்கொரு சைக்கிள் வந்தது.
பக்கச் சக்கரம் வைத்தது, கத்தரிப்பூ நிறம்.
குன்னூரிலிருந்து பஸ் கூரையில் போட்டு
இறக்கிக் கொடுத்தது பெள்ளி மாமா.
இறக்கத்தில் விழுந்த தழும்பு
முழங்கையில் இருக்கிறது.
கல்லுக்கு எதிரில் நின்று
அதை ஏன் தடவினேன் என்று தெரியவில்லை.

இருக்காது என்று தெரிந்த மனிதர்
மூன்று சுவர் தேடினார்.
'பி'யில் ஆரம்பிக்கும் பெயரையெல்லாம்
விரல் வைத்து, ரேங்க் நம்பரோடு,
ரேஷன் கார்டு சரிபார்ப்பது போல.

திரும்பும்போது பஸ் வெலிங்டனைக் கடந்தது.
அங்கேயும் பட்டாளத்து நினைவுத்தூண் உண்டு.
பிறந்ததிலிருந்து கடந்து போகிறோம்,
ஒரு தடவையும் இறங்கியதில்லை.
அன்றும் இறங்கவில்லை.
அப்பா தூங்குகிறவர் போல இருந்தார்.
கை மட்டும் மடியிலிருந்த பேத்தா டப்பாவை
இறுகப் பிடித்திருந்தது.

இன்று சாயங்காலம், மழை விட்ட சந்தில்,
ஜெகதளாவுக்கு ஏறினோம்.
மாதி அக்கா கேரட் கழுவிக்கொண்டிருந்தாள்.
"இருந்துச்சா?"

அப்பா டப்பாவை நீட்டினார்.
"ரொம்பப் பெரிய எடம் மாதி.
முழுசாப் பாக்க முடியல."

ஈரக் கையைத் துடைத்துவிட்டு
ஒரு துண்டெடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"எதுல செஞ்சது?"
"வெள்ளைப் பூசணி."
"ஆயுத பூஜைக்கு ஷெட்டு வாசல்ல ஒடைப்பீங்களே, அதா?"
"அதேதான்."
மெதுவாக மென்றாள்.
"இனிப்பு ஜாஸ்தி."

கீழே, பனிக்குள், ஃபேக்டரிச் சங்கு ஊதியது.
அப்பா வாட்சைப் பார்த்தார்.
மாதி அக்காவும் எட்டி
அதே வாட்சைப் பார்த்தாள்.
சரியான நேரம்தான்.